பஜார் பாட்டும் உன் பழைய நோட்டும்

ஆக்லாந்து,
15 செப்டம்பர் 2024

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. பதில் எழுதாததற்கு வேலையையோ உடம்பையோ காரணம் காட்டப் போவதில்லை. அதன் கடைசிப் பக்கத்தில் நீ எழுதியிருந்த ஒரு வரி எனக்குக் கோபமூட்டியது; கோபத்தோடு எழுதினால் விடுதி நாள்களைப் போல மறுபடியும் பேச்சு நின்றுவிடுமோ என்று தள்ளிப்போட்டேன், தள்ளிப்போட்டது அப்படியே கிடந்துவிட்டது. நேற்று நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது என்பதால் இன்று காலை காபியோடு உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் நலம் விசாரிப்பை முடித்துவிடுகிறேன். அம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. தங்கைக்கும் மருமகனுக்கும் என் அன்பைச் சொல். நாங்கள் நலம், மகள் வேலை கிடைத்து வெலிங்டனுக்குப் போய்விட்டாள். நெட்டையன் வீட்டுத் திருமணத்துக்கு வர முடியாமல் போனதில் எனக்கு இன்னும் வருத்தம்தான். சாப்பாட்டைப் பற்றி நீ ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கத் தேவையில்லை.

இனி அந்த வரிக்கு வருகிறேன். மருமகன் தொண்ணூறுகளின் ஆங்கிலப் பாடல்களைத் தேடித் தேடிக் கேட்கிறான் என்றும், அவனுக்கு நீ அக்காலத்து ‘ஒற்றைப் பாட்டுக்காரர்’களைப் பட்டியல் போட்டுக் கொடுத்தாய் என்றும், ‘எல்லாம் புஸ்வாணங்கள், ஒரு நிமிடம் சீறிவிட்டு அணைந்தவை’ என்று அவனுக்கு விளக்கினாய் என்றும் எழுதியிருந்தாய். அந்தப் பட்டியலில் நான்காவதாக நம் பஜார் பாட்டும் இருந்தது, அதாவது ‘ஹவ் பிசார்’ (என்ன விசித்திரம்) என்று பாடியது நம் காதில் ‘பஜார்’ என்று விழுந்த பாட்டு. மற்றவற்றைக்கூட விட்டுவிடலாம், ஆனால் தெற்கு பஜாரில் வெங்காயக் கடைக்கு முன்னால் இரு கைகளையும் விரித்து நின்று ‘ஹவ் பஜார், ஹவ் பஜார்’ என்று தொண்டை கிழியப் பாடிய நீயா அதைப் புஸ்வாணம் என்பது? அன்று கடைக்காரர் உனக்குச் சொன்ன பதிலை நான் இங்கே எழுதினால் தங்கை இந்தக் கடிதத்தைப் படிக்க முடியாமல் போகும்.

நேற்று சனிக்கிழமை. ஓட்டாரா சந்தைக்குப் போயிருந்தேன். தெற்கு ஆக்லாந்தில் தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட்ட காலத்தில் அரசு வரிசை வரிசையாக வீடுகளைக் கட்டிக் குடியேற்றிய புறநகர் அது. சமோவா, டோங்கா, நியுவே, குக் தீவுகள் என்று பசிபிக்கின் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்தவர்களும் மாவோரி மக்களும் அங்கே வாழ்கிறார்கள். சனிக்கிழமை காலைச் சந்தையில் நம் ஊர் சேப்பங்கிழங்கின் பெரியண்ணன் போன்ற கிழங்கு மூட்டை மூட்டையாக வரும். தேங்காயும் கீரையும் பூப்போட்ட துணிகளும் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் இருக்கும். ஒரு கடையின் ஒலிபெருக்கியிலிருந்து அந்தக் கித்தார் தட்டலும், அதன் மேல் ஏறி வரும் டிரம்பெட்டும் கேட்டன. எனக்குக் கிழங்கைப் பையில் போட்டுக்கொண்டிருந்த வயதான அம்மாள் கையை நிறுத்தாமலேயே பாடத் தொடங்கினார். எனக்குப் பின்னால் நின்ற பதினைந்து வயதுப் பையன், அந்தப் பாட்டு வந்தபோது பிறந்தே இராதவன், ஒரு சொல் பிசகாமல் அவரோடு சேர்ந்துகொண்டான். இந்தப் பாட்டை நாங்கள் இந்தியாவில் கேட்டிருக்கிறோம் என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்து, ‘எங்கள் பாலி’ என்று மட்டும் சொல்லிவிட்டு மீதிச் சில்லறையை என் கையில் வைத்தார்.

அந்தப் பாலியைப் பற்றி நமக்கு அன்று என்ன தெரியும்? அந்தப் பாட்டைப் பாடிய பாலி ஃபுவெமானா 1969-இல் பிறந்தவர். தந்தை நியுவே தீவுக்காரர், தாய் மாவோரி. நியுவேயில் இன்று வாழ்வோர் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. அத்தீவினரில் மிகப் பெரும்பாலோர் இங்கே நியூசிலாந்தில்தான் இருக்கிறார்கள். ஓ எம் சி என்று நாம் மந்திரம் போலச் சொல்லித் திரிந்தோமே, அது ‘ஓட்டாரா மில்லியனர்ஸ் கிளப்’. நாட்டின் மிக ஏழ்மையான பகுதிகளில் ஒன்றில் வளர்ந்த பையன்கள் தங்களுக்குத் தாங்களே சூட்டிக்கொண்ட பட்டம்! பாலியும் அவருடைய அண்ணன் ஃபில்லும் சேர்ந்து தொடங்கிய குழு அது. ஃபில் விலகிய பிறகு பாலியும் தயாரிப்பாளர் ஆலன் ஜான்சனும் ஆக்லாந்திலேயே எழுதிப் பதிவுசெய்த பாட்டுத்தான் ‘ஹவ் பிசார்’. 1995-இன் இறுதியில் வெளியாயிற்று. இங்கே முதலிடம், ஆஸ்திரேலியாவில் முதலிடம், கனடாவில் முதலிடம், பிரிட்டனில் ஐந்தாமிடம். பாளையங்கோட்டைக்கு அது 1997-இல் வந்து சேர்ந்தது, கேபிள்காரர் இரவு பத்து மணிக்கு மேல் மனமிரங்கித் திறந்துவிடும் அந்த அலைவரிசையின் வழியாக.

அதன் சொற்களை நாம் கவனித்ததே இல்லை, நண்பா. பஜார் வந்ததும் மற்றதெல்லாம் நமக்கு முனகல்தான். நேற்றிரவு உட்கார்ந்து வரி வரியாகக் கேட்டேன். நண்பர்கள் முன்னும் பின்னும் அமர்ந்திருக்க, கொளுத்தும் வெயிலில் கார் போகிறது. திடீரென்று பின்னாலிருந்து சிவப்பும் நீலமுமாக விளக்குகள் மின்னுகின்றன. கீழே இறங்கி நில்லுங்கள் என்று ஒரு குரல் அதட்டுகிறது. நாம் குதித்துக் குதித்து ஆடிய பாட்டின் தொடக்கமே காவல்துறை வண்டியை நிறுத்துவதுதான். 1970-களில் பசிபிக் தீவினரின் வீடுகளுக்குள் விடியற்காலையில் காவலர்கள் நுழைந்து, அனுமதிக்காலம் கடந்து தங்கியவர்களைத் தேடிய கொடுமை இந்த ஊரில் நடந்தது. 2021 ஆகஸ்டில்தான் அன்றைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டன் அரசின் சார்பில் அதற்கு மன்னிப்புக் கேட்டார். அந்த ஆண்டுகளில் பாலி சிறுவன். பாட்டு அந்த வரலாற்றைச் சொல்லவில்லை, நானும் அதன் மேல் ஏற்றிச் சொல்லவில்லை. ஆனால் பின்னால் விளக்கு மின்னும்போது தீவுப் பையன் ஒருவனுக்கு வயிற்றில் என்ன புரளும் என்பதை அறிந்தவர் பாடுகிறார் என்று இப்போது எனக்குக் கேட்கிறது. அவர் கத்தவில்லை, அழவில்லை. என்ன விசித்திரம் என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போகிறார். அந்தக் குலுக்கலில் எவ்வளவு அடக்கி வைத்திருக்கிறார் என்பது ஐம்பது வயதைத் தொடும்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

இப்போது உன் நோட்டுக்கு வருகிறேன். வாராவாரம் நூலகத்துக்குப் போய், பில்போர்டு இதழ் வெளியிடும் அமெரிக்காவின் முதல் நூறு பாடல்களின் பட்டியலைப் பச்சை மையில் எழுதி வைப்பாயே, அந்த நோட்டு. 1997-இல் அதைப் புரட்டிக் காட்டி, ‘பில்போர்டு நூறில் இந்தப் பாட்டு இல்லவே இல்லை, பட்டியலில் இல்லாதது வெற்றியே இல்லை’ என்று நீ தீர்ப்புச் சொன்னாய். உலகமே பாடுகிற பாட்டு எப்படி இல்லாமல் போகும், நீ எழுதியதுதான் தவறு என்று நான் சண்டை பிடித்தேன். இரண்டு நாள் நாம் பேசவில்லை. நண்பா, நீ எழுதியது சரி. அந்தப் பாட்டு அந்த நூறில் ஒரு வாரம்கூட இருக்கவில்லை. ஆனால் வானொலி ஒலிபரப்பை மட்டும் கணக்கிடும் பட்டியலில் அது 36 வாரங்கள் இருந்து நான்காமிடம் வரை ஏறியது. காரணம் இதுதான்: கடையில் தனிப்பாடலாக, அதாவது ‘சிங்கிள்’ என்று, விற்பனைக்கு வராத எதையும் அந்த நூறில் சேர்க்கக் கூடாது என்பது அன்றைய விதி. தனிப்பாடலை மலிவாகக் கொடுத்தால் முழு ஆல்பத்தை யார் வாங்குவார் என்று கணக்குப் போட்ட அமெரிக்க நிறுவனங்கள் பல பாடல்களை வேண்டுமென்றே தனியாக வெளியிடாமல் வைத்தன. ஒரு பாட்டு வேண்டுமென்றால் முழு சிடியைத்தான் வாங்கியாக வேண்டும். பாடகி நடாலி இம்ப்ரூலியாவின் ‘டோர்ன்’ வானொலிப் பட்டியலில் 11 வாரங்கள் முதலிடத்தில் இருந்தும் நூறுக்குள் நுழையவில்லை. 1998 டிசம்பரில் விதியை மாற்றியபோது ஆட்டம் ஓய்ந்து 42-ஆம் இடத்தில்தான் வந்து நின்றது. ஆக, நீ இத்தனை ஆண்டுகள் காப்பாற்றி வைத்த நோட்டின்படி பாலி ஒற்றைப் பாட்டுக்காரர்கூட அல்லர், ஒன்றுமே இல்லாதவர். அந்த நோட்டை வைத்துக்கொண்டா மருமகனுக்குப் பாடம் நடத்துகிறாய்?

உன் பட்டியலின் மற்றவர்களையும் நான் விட்டுவிடப் போவதில்லை. ‘மகரேனா’ பாடிய இருவரும் செவில் நகரத்துக்கு அருகிலிருந்து வந்தவர்கள், 1960-களின் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து பாடியவர்கள். 1996-இல் அது அமெரிக்காவில் 14 வாரங்கள் முதலிடத்தில் நின்றபோது அவர்களுக்குப் பின்னால் முப்பது ஆண்டு உழைப்பு இருந்தது. விடுதி ஆண்டு விழாவில் நீயும் பெரியவரும் ஆடிய ஆட்டத்துக்கு அவர்கள் பொறுப்பல்லர். ‘வாட்ஸ் அப்’ பாடிய லிண்டா பெர்ரி குழுவை விட்டு விலகியதும் காணாமல் போனார் என்று எழுதியிருக்கிறாய். பாடகி பிங்க்கின் ‘கெட் த பார்ட்டி ஸ்டார்ட்டட்’ பாடலையும், கிறிஸ்டினா அகிலேராவின் ‘பியூட்டிஃபுல்’ பாடலையும் எழுதியவர் அவரே! நியூ ராடிகல்ஸ் குழுவின் கிரெக் அலெக்சாண்டர் இரண்டாவது பாட்டு வெளிவரும் முன்பே, 1999 ஜூலையில், குழுவைக் கலைத்துவிட்டார். ஊர் ஊராகப் பேட்டி கொடுத்துச் சிரித்துக்கொண்டிருக்கும் பிழைப்பு அவருக்கு வேண்டாமென்று ஆகிவிட்டது. பிறகு அவர் சேர்ந்து எழுதிய ‘மர்டர் ஆன் த டான்ஸ்ஃப்ளோர்’ பாடலைத்தான் இந்த ஆண்டு உன் மகன் காதில் மாட்டிக்கொண்டு திரிகிறான் என்று நீயே அதே கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். முகம் மறைந்தால் ஆள் போய்விட்டார் என்று முடிவுகட்டுவது என்ன நியாயம்?

பாலிக்கு அப்படி ஒரு பின்கதை வாய்க்கவில்லை. அதுதான் நேற்றிலிருந்து என்னை வருத்துகிறது. இங்கே இன்னும் சில பாடல்கள் ஓடின. வெளியுலகம் அவற்றைக் கேட்கவில்லை. ஃபில் 2005-இல் இறந்தார். 2006-இல் பாலி திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டார். உலகம் முழுவதும் ஒலித்த பாட்டைப் பாடியவர்! முன்பணம் என்று நிறுவனம் கொடுப்பதெல்லாம் பாடகரின் பங்கிலிருந்தே கழிக்கப்படும் கடன் என்பதும், பதிவுச் செலவு, படப்பிடிப்பு, பயணம் என்று கழித்துக்கொண்டே போனால் பாடியவர் கைக்கு மிஞ்சுவது சொற்பம் என்பதும் அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். 2007-இல் ஜான்சனோடு மீண்டும் சேர்ந்து ஒரு பாட்டு வெளியிட்டார். அதன் பிறகு நோய். 2010 ஜனவரி 31 அன்று இறந்தபோது அவருக்கு வயது 40. இன்னும் ஒரு வாரத்தில் பிறந்தநாள். நான் இந்த ஊருக்கு வந்தது அதற்கு அடுத்த ஆண்டு.

இதைப் படித்துவிட்டு நிறுவனங்களைத் திட்டி முடித்துவிடலாம் என்று நேற்றிரவு நானும் நினைத்தேன். பிறகு நம் ரெக்கார்டிங் கடை நினைவுக்கு வந்தது. ஆல்பம் முழுவதையும் வாங்கச் சொல்லி அமெரிக்காவில் கட்டாயப்படுத்திய அதே ஆண்டில், நாம் ஒரு தாளில் பத்துப் பாட்டுகளை எழுதிக் கொடுத்தோம். துபாயிலிருந்து யாரோ கொண்டுவந்த கேசட்டிலிருந்து அண்ணாச்சி அவற்றைப் பொறுக்கி எடுத்துப் பதிந்து கொடுத்தார். நமக்கு வேண்டியது மட்டும், வேண்டிய வரிசையில். அதற்காக அவரை இன்றும் வாழ்த்துகிறேன். ஆனால் நாம் கொடுத்த 35 ரூபாயில் ஓட்டாராவுக்கு ஒரு காசுகூடப் போகவில்லை. ஓராண்டு முழுவதும் நம் அறைக்கு வெளிச்சம் தந்தவர் பாலி. நாம் இரவு உணவுக்குக் காசில்லாமல் படுத்த நாளில்கூட அந்தப் பாட்டுத்தான் ஓடியது. அவருக்கு நாம் கொடுத்தது பூஜ்யம். நேற்று அந்த அம்மாள் சில்லறையை என் கையில் வைத்தபோது எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்த ஆல்பத்தைத் தேடி, பழைய சிடி ஒன்றை வாங்க ஏற்பாடு செய்தேன். பழைய பொருளை வாங்கினால் அவர் குடும்பத்துக்கு ஒன்றும் சேராது என்று பிறகு உறைத்தது. ஆகவே இணையத்தில் ஆல்பம் முழுவதையும் காசு கொடுத்து மறுபடி வாங்கினேன். நீயும் வாங்கு. மருமகன் பெயரில் வாங்கு.

இன்னொரு வேலையும் உனக்கு இருக்கிறது. அந்தக் கேசட் உன் வீட்டுப் பரணில், பச்சை ட்ரங்குப் பெட்டியில் இருக்கிறது. 2003-இல் நான்தான் அதை உன்னிடம் கொடுத்துவிட்டு விமானமேறினேன். தேடி எடு. ஓட்டிப் பார்க்காதே, நாடா ஒட்டிக்கொண்டிருக்கும். பென்சிலைச் செருகிச் சுற்றவும் வேண்டாம். பழைய வேட்டித் துணியில் சுற்றி வை. நெட்டையன் மகளும் மாப்பிள்ளையும் டிசம்பரில் இங்கே குடிவருகிறார்கள் அல்லவா, அவர்களிடம் கைப்பையில் வைத்துக் கொடுத்தனுப்பு. உறைக்குள் இருக்கும் அட்டையில் உன் பச்சை மையில், உன் கையெழுத்தில், ‘ஹவ் பஜார்’ என்றுதான் எழுதியிருக்கும். அதை அந்த அம்மாளிடம் காட்ட வேண்டும்.

உன் பழைய அறைத்தோழன்