நெஞ்சில் அடி என்று சொன்னேன்

ஏற்காடு,
சித்திரை 3

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் நேற்று மாலை கிடைத்தது. தொப்பூர் கணவாயில் முன்னால் போன லாரி திடீரென்று நின்றதில் உன் தங்கை வந்த கார் மோதியதையும், சீட் பெல்ட் அழுத்திய இடது மார்பில் ரத்தம் கட்டி எலுமிச்சம்பழம் அளவுக்குத் திரண்டிருப்பதையும் படித்துவிட்டு, இரவே பதில் எழுத உட்கார்ந்தேன். எண்ணெய் போட்டு உருவி விடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டவே வேண்டாம். இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீ நினைக்கலாம். கடந்த இரண்டு மாதங்களாக உன்னிடம்கூடச் சொல்லாமல் நான் இதே தொல்லையைத்தான் அனுபவித்து வருகிறேன்.

மாசி மாதத் தொடக்கத்தில் எங்கள் தோட்டத்தில் மிளகு பறிப்பு நடந்தது. சில்வர் ஓக் மரத்தில் சாய்த்திருந்த மூங்கில் ஏணியை, ஆள் இறங்கிய பிறகு அடுத்த மரத்துக்கு மாற்றும்போது, அடியில் பிடித்துக்கொண்டிருந்த என் கால் ஈர இலையில் வழுக்கியது. ஏணியின் கால் முனை என் இடது மார்பில் ஓங்கி இடித்தது. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். வலியில் கண் இருட்டிய நிலையிலும், "நெஞ்சில் லேசாக இடித்துக்கொண்டேன்" என்றுதான் சொன்னேன். அந்த ஒரு சொல் என்னை நான்கு நாள் அலைக்கழித்தது. இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழாய் வைத்த உடம்பு அல்லவா? நெஞ்சு என்று கேட்டதுமே வீட்டுக்காரர் பதறி, வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடினார். போன இடத்தில் ஈசிஜி எடுத்து, இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அடிபட்ட இடம் எது என்று நான் வாய் திறந்திருந்தால்தானே அவர்கள் பார்த்திருப்பார்கள்!

வீட்டுக்கு வந்து நான் செய்ததெல்லாம் தவறு. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன், புளியும் உப்பும் கரைத்துக் காய்ச்சிப் பற்றுப் போட்டேன், கைராசிக்காரி என்று பெயர் பெற்ற ஒரு அம்மாளை வரவழைத்து விளக்கெண்ணெய் போட்டு உருவச் சொன்னேன். மறுநாள் காலையில் வீக்கம் இரட்டிப்பாகி, தோல் நாவல்பழ நிறத்துக்கு வந்திருந்தது. நான்காம் நாள் சேலத்துக்கு இறங்கி ஒரு பெண் அறுவை மருத்துவரைப் பார்த்தபோதுதான் அதன் காரணம் விளங்கியது. மார்பகம் பெரும்பாலும் கொழுப்பும் மெல்லிய சுரப்பித் திசுவுமாக இருப்பதால், உள்ளே ஒரு ரத்தக்குழாய் கிழிந்தால் கசியும் ரத்தத்தை அழுத்தித் தடுக்க அங்கே கெட்டியான தசை எதுவும் இல்லை. முதல் இரண்டு நாள்களில் சூடு காட்டினால் குழாய்கள் விரிகின்றன, உருவினால் அப்போதுதான் மூடத் தொடங்கிய வாய் மறுபடியும் திறந்துகொள்கிறது. அந்த நேரத்தில் வேண்டியது துணியில் சுற்றிய பனிக்கட்டிதான். பதினைந்து, இருபது நிமிடம் வைத்து எடுத்து, இடைவெளி விட்டு மீண்டும் வைக்க வேண்டும். தோலில் நேராக வைக்கக் கூடாது. உன் தங்கைக்குப் பத்து நாள் ஆகிவிட்டபடியால் பனிக்கட்டியால் இனி அதிகப் பயன் இல்லை. வீக்கம் பெருகவில்லை என்றால் இளஞ்சூட்டு ஒத்தடம் கொடுக்கலாம் என்று எனக்குச் சொன்னார்கள்.

என் விஷயத்தில் இன்னொரு சிக்கல், நான் தினமும் போடும் ஆஸ்பிரின். ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் மருந்து என்பதால் சிறு அடிக்கே பெரிய ரத்தக்கட்டு உண்டாகிவிடுகிறது. பயந்துபோய் அதை நானாகவே இரண்டு நாள் நிறுத்தியிருந்தேன் என்று சொன்னதற்கு அந்த மருத்துவர் என்னைக் கடிந்துகொண்டார்; ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் மார்பைக் காப்பாற்றி என்ன பயன் என்று கேட்டார். இதய மருத்துவரிடம் தொலைபேசியில் பேசிய பிறகு, அதைத் தொடரச் சொல்லி, வலிக்குப் பாரசிட்டமால் மட்டும் எழுதித் தந்தார். உன் தங்கை மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை எது என்று பார். ஐபுப்ரோஃபன், டைக்ளோஃபினாக் போன்றவையும் ரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை என்பதால் எனக்கு வேண்டாம் என்றார்கள்.

ஸ்கேனில் ஐந்து சென்டிமீட்டர் கட்டி தெரிந்தது. ஊசி போட்டு உறிஞ்சிவிடுங்கள் என்று நானே கெஞ்சினேன். புதிதாக உறைந்த ரத்தம் கூழாக இருக்கும், ஊசிக்குள் ஏறாது, குத்தினால் கிருமி நுழைய வழி ஏற்படும் என்று மறுத்துவிட்டார். வீக்கத்தின் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டுக் காட்டி, கோட்டைத் தாண்டி வளர்ந்தாலோ, தோல் பளபளத்து இறுகினாலோ, தலைசுற்றல் வந்தாலோ உடனே வர வேண்டும், அப்போது திறந்து கட்டியை எடுத்து, கசியும் குழாயை அடைக்க வேண்டியிருக்கும் என்றார். காய்ச்சலும் செம்மையும் வந்தால் சீழ் கோத்திருக்கிறது என்று பொருள். எனக்கு அப்படி எதுவும் நேரவில்லை. இறுக்கமான, கம்பி இல்லாத உள்ளாடையை இரவிலும் கழற்றாமல் அணிந்திருந்ததில் பாதி வலி குறைந்தது. நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, அந்த மஞ்சள் விலா வரை வழிந்து இறங்கியபோது நோய் பரவுகிறதோ என்று நடுங்கினேன். ரத்தத்தின் நிறப்பொருள் சிதையும்போது அப்படித்தான் நிறம் மாறும், கீழே இறங்குவது வெறும் புவியீர்ப்பு என்று கேட்ட பிறகுதான் தூக்கம் வந்தது.

இப்போது உன் கடிதத்தில் நீ எழுதாமல் விட்ட கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அந்தப் பயம் எனக்கும் இருந்தது. அடிபட்டதால் புற்றுநோய் வராது. ஆனால் அடிபட்ட பிறகுதான் நாம் கை வைத்துப் பார்க்கிறோம் என்பதால், முன்பே இருந்த கட்டி அப்போது தட்டுப்படக்கூடும். போதாததற்கு, நசுங்கிய கொழுப்பு செத்துக் கெட்டியாகும்போது அது மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரேயில் புற்றுக்கட்டி போலவே தோன்றி மருத்துவரையும் குழப்புமாம். ஆகவே, அடியால் வந்ததுதானே என்று விட்டுவிடாமல், கரைகிறதா என்று மறு ஸ்கேனில் பார்ப்பதும், கரையாவிட்டால் ஊசியால் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பதும் வழக்கம். ஆறு வாரம் கழித்து எனக்கு ஐந்து சென்டிமீட்டர் கட்டி இரண்டு சென்டிமீட்டராகிவிட்டது. கொட்டைப்பாக்கு அளவில் ஒன்று இன்னும் கைக்குத் தட்டுப்படுகிறது. சுருங்கி வருவதால் காத்திருக்கலாம் என்கிறார்கள்.

உன் தங்கைக்கு மூச்சை இழுக்கும்போது சுருக்கென்று குத்தினால், விலா எலும்பைப் படம் எடுத்துப் பார்க்கச் சொல். பெல்ட்டால்தான் இந்த வினை, இனிமேல் போட மாட்டேன் என்று அவள் சொல்வதாக எழுதியிருந்தாய்; பெல்ட் இல்லாவிட்டால் கண்ணாடியில் எது மோதியிருக்கும் என்று நான் கேட்டதாகச் சொல். முதல் ஸ்கேன் எடுக்கும்போது எந்த இடத்தில் அடிபட்டது என்பதை அவளே தன் வாயால் சொல்ல வேண்டும். நீ உடன் போனாலும் அவளுக்காக நீ சொல்லிவிடாதே.

என் அடுத்த ஸ்கேன் வைகாசிக் கடைசியில். மல்கோவா வந்துவிட்டிருக்கும், அவளையும் அழைத்துக்கொண்டு சேலத்துக்கு வா. இருவருக்கும் ஒரே நாளில் நேரம் வாங்கி வைக்கிறேன்.

உன் பழைய பெஞ்சுத் தோழி