கல்யாணம் கட்டினால் வரி குறையுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்யாணம் கட்டினால் வருமான வரி குறையும் என்ற எண்ணம் திருமலையில் பலரிடம் இருக்கிறது. குறையாது, அதிகரிக்கவும் செய்யாது. இலங்கையின் உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் கணவனும் மனைவியும் தனித்தனி ஆட்கள். டின் (வரி செலுத்துநர் அடையாள) இலக்கம் வேறு, வருமானத்தைக் காட்டும் விபரத்திரட்டு வேறு. 2025 ஏப்ரல் 1 முதல் ஆளுக்கு வருடம் 18 இலட்சம் ரூபா தனிநபர் நிவாரணம், அதாவது அந்தளவு வருமானத்துக்கு வரி இல்லை. மனைவிக்கு அதில் மிஞ்சுவதைக் கணவனின் வருமானத்தில் கழிக்க வழியில்லை.

ஆகவே பணம் யாருடைய பெயரில் கிடக்கிறது என்பதுதான் முக்கியம். கணவனுக்கு மாதம் 300,000, மனைவிக்கு 120,000 சம்பளம் என்று வைப்போம். மனைவி தன் உழைப்பில் சேர்த்த காசை, "எல்லாம் ஒன்றுதானே" என்று கணவனின் பெயரில் நிலையான வைப்பில் போடுகிறார். வருட வட்டி 200,000. கணவனின் வருமானம் ஏற்கெனவே 24 சதவீதப் படியில் நிற்பதால் இந்த வட்டிக்கு மட்டும் 48,000 ரூபா வரி. வங்கி வட்டியில் 10 சதவீதம், அதாவது 20,000 வரியாக முன்கூட்டியே வெட்டியதும் கணக்கு தீர்ந்தது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். தீரவில்லை. மிச்சம் 28,000 கட்ட வேண்டும். விபரத்திரட்டு நவம்பர் 30க்குள் போக வேண்டும். அதே காசு மனைவியின் பெயரிலேயே இருந்தால் அவருடைய மொத்த வருமானம் 1,640,000. வரி ஒரு சதமும் இல்லை.

கூட்டுக் கணக்கில் வட்டி அவரவர் பங்கின்படி பிரியும். பங்கு தெரியாவிட்டால் சரிபாதி. நிலாவெளியில் இருவர் பெயரிலும் உறுதி முடித்த வீட்டு வாடகையும் அப்படித்தான். வாடகையில் 25 சதவீதம் திருத்தவேலை நிவாரணமாகக் கழியும்.

கணவன் தன் காசை வரிக்காக மட்டும் மனைவி பெயருக்கு மாற்றுவது வேறு கதை. வருமானத்தைப் பிரித்துக் காட்டினால் உள்நாட்டு இறைவரி ஆணையாளர் நாயகம் அதைத் திருத்தி மதிப்பிடலாம். நாம் சொல்வது மனைவியின் சொந்த உழைப்பைப் பற்றி.

வருட வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படாதவர் டின் இலக்கத்துடன் சுய பிரகடனம் கொடுத்தால் வங்கி அந்த 10 சதவீதத்தை வெட்டாது. வட்டி விழுவதற்கு முன் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஏப்ரலிலும் புதிதாகக் கொடுக்க வேண்டும். பிந்தினால் வெட்டிய காசை விபரத்திரட்டுப் போட்டுத்தான் மீளப் பெறலாம்.

வைப்புப் படிவம் நிரப்ப வரும் பெண்களிடம் வங்கிக் கிளைகள் இந்தப் பிரகடனத்தைத் தாமாகவே எடுத்து நீட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

வரிக் கணக்காளர்கள்,
உவர்மலை, திருகோணமலை.