காலிப்பர் கடித்தால் உடனே சொல்

அம்மாடி,

நேற்று வீடியோவில் பேசும்போது, நடக்க உதவும் காலிப்பர் மாட்டிய உன் காலை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டாய். அம்மா கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். கேட்டதற்கு "நல்லாத்தான்ப்பா இருக்கு" என்றாய். என் அப்பாவிடம் இதே பதிலைச் சொல்லியே நாளைக் கடத்தியவன் நான்.

1975-இல், ஏழு வயதில், எனக்கு முதல் காலிப்பர் வந்தது. தொடையிலிருந்து பாதம் வரை இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தோல் பட்டை, அடியில் பூட்ஸ். முட்டிக்குப் பக்கத்தில் ஒரு வளையம் இருக்கும். எழுந்து காலை நீட்டினால் அது இறங்கி 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும், பிறகு முட்டி மடங்காது. உட்கார வேண்டுமென்றால் குனிந்து வளையத்தைத் தூக்கிவிட வேண்டும். வாத்தியார் வகுப்புக்குள் வந்தால், எல்லாரும் எழுந்து உட்கார்ந்த பிறகுதான் என் 'டக்' கேட்கும்.

அடுத்த வருஷமே அளவு பற்றவில்லை. கணுக்கால் எலும்பில் கம்பி உரசியது. புதுசு கேட்டால் அப்பா கடன் வாங்குவாரே என்று வாயைத் திறக்கவில்லை. ரத்தம் சாக்ஸோடு காய்ந்து ஒட்டிக்கொண்ட அன்றுதான் உன் அப்பாயி கண்டுபிடித்தாள். சின்னதில் நீ விரல் வைத்து "காசு மாதிரி இருக்குப்பா" என்பாயே, அந்தத் தழும்புதான்.

ஐதராபாத் நிஜாம் மருத்துவமனையில் குழந்தைகள் மூன்று கிலோ காலிப்பரை இழுத்துக்கொண்டு நடந்ததைப் பார்த்து, ஏவுகணை வேலைக்கு வைத்திருந்த லேசான பொருளிலேயே 300 கிராமில் செய்துகொடுத்தார் கலாம் ஐயா. அதைப் படித்த அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் குழந்தைகளுக்காக ஒரு எலும்பு டாக்டர் அவரைத் தேடிப் போய்க் கேட்டிருக்கிறார். நான் எனக்காகக்கூடக் கேட்கவில்லை.

உன்னுடையது பிளாஸ்டிக். தூக்க வராத பாதம் தரையில் இடறாமல் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை. மாவுக்கட்டில் அளவெடுத்துச் செய்ததுதான், ஆனாலும் வீக்கம் வடிந்தால் பொருத்தம் மாறிவிடும். விபத்துக்கு அப்புறம் பாதத்தின் மேல்பக்கம் மரத்துப் போயிருக்கிறது என்றாயே, அதுதான் எனக்குப் பயம். எனக்காவது வலித்தது. உனக்குப் புண்ணே வந்தாலும் தெரியாமல் போகலாம். அதனால் தினமும் கழற்றியதும் கண்ணால் பார். சிவப்பு அரை மணி நேரத்தில் மறைந்தால் சரி. மறையவில்லையா, அப்படியே மாட்டிக்கொண்டு நடக்காதே, செய்தவரிடமே கொண்டு போ. சூடு காட்டி அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் வெளியே தள்ளிக் கொடுப்பார்கள். கேட்க எதற்குக் கூச்சம்?

உள்ளே சுருக்கம் விழாத நீளமான காட்டன் சாக்ஸ் போடு. ஷூ ஒரு சைஸ் பெரிசாக, பின்பக்கம் மூடியதாக இருக்கட்டும். ஷூ போடாமல் அதோடு டைல்ஸ் தரையில் நடக்காதே, வழுக்கிவிடும்.

சனிக்கிழமை போய்க் காட்டிவிட்டு இரவு கூப்பிடு. இந்தத் தடவை காலையும் காட்டு. அப்பா விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா