பொற்றாமரைப் படியில் நீ உட்கார்ந்த அன்று

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

நலம்தானே? இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. அப்பத்தா நீ வாங்கிக் கொடுத்த போர்வையை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டுப் பழைய சேலையைத்தான் போர்த்திக்கொள்கிறார். மாடியில் ஒழுகிய இடத்தைப் பூசியாகிவிட்டது. போனில் சொல்லக்கூடாதா, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "சரிப்பா, ஷிப்ட்டுக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுகிறாய். எழுதினால் சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லிவிடலாம்.

சித்திரைத் திருவிழாவுக்கு லீவு இல்லை, வரமுடியாது என்று அம்மாவிடம் சொன்னாயாம். சரி. ஓட்டல் வேலையில் மற்றவர்களுக்கு விடுமுறை என்றால் உங்களுக்குக் கூட்டம். அதைப் பற்றி நான் எதுவும் கேட்கப் போவதில்லை. உன் காலையும் நீ போடுகிற ஹீல்ஸையும் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

பொங்கலுக்கு வந்தபோது கோயிலுக்குப் போனோமே. செருப்பை வெளியே விட்டுவிட்டு ஆடி வீதியில் நடந்தபோது நீ முன்னால் போனாய், நான் பின்னால் வந்தேன். உன் குதிகால் கல்லில் முழுசாகப் படவே இல்லை. முன்பாதத்தை ஊன்றி ஊன்றி, ஏதோ ஈரத்தில் நடக்கிற மாதிரி நடந்தாய். பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்ததும், அம்மா கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்ட நேரத்தில், கெண்டைக்காலைப் பிடித்து விட்டுக்கொண்டாய். என்னடி என்று அவள் திரும்பிக் கேட்டதற்குக் கல் சுடுகிறது என்றாய். தை மாசம், காலை ஏழு மணி. கல் சில்லென்று இருந்தது. எனக்குத் தெரிந்தும் பேசாமல் இருந்துவிட்டேன்.

தெற்கு மாசி வீதியில் நம் செருப்புக் கடையில் 31 வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பெண் படியேறி உள்ளே வரும்போதே எந்த அளவு, எந்தக் கால் பெரிசு என்று சொல்லிவிடுவேன். உன் நடையை மட்டும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்திருக்கிறேன்.

சித்தி மகள் சின்னவள் பிசியோதெரபி மூன்றாம் வருஷம் போய்விட்டாள், உனக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். உன் பெயரைச் சொல்லாமல், கடைக்கு வருகிற ஒரு பொண்ணுக்கு என்று கேட்டேன். அவள் பேப்பரில் படம் போட்டே காட்டினாள். குதியைத் தூக்கியே வைத்திருந்தால் கெண்டைக்கால் தசை சுருங்கின நிலையிலேயே பழகிவிடுமாம். 2010-ல் வெளிநாட்டில் ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு மேலாக 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஹீல்ஸ் போட்ட பெண்களையும், தட்டைச் செருப்பு போடுகிறவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தார்களாம். ஹீல்ஸ் போட்டவர்களின் கெண்டைக்கால் தசை இழைகள் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குட்டையாக இருந்திருக்கின்றன. தசையையும் குதியையும் சேர்க்கிற நாண் தடித்து விறைத்துப் போயிருந்திருக்கிறது. அதனால் வெறுங்காலோடு நின்றால் அந்த நாண் இழுக்கும், வலிக்கும். ஹீல்ஸைப் போட்டால்தான் சுகமாக இருக்கும். இதைக் கேட்டதும் எனக்கு அந்தப் படிதான் ஞாபகம் வந்தது.

அதற்குப் பயிற்சி இருக்கிறது. சுவரில் இரண்டு கையையும் ஊன்று. ஒரு காலைப் பின்னால் வை. பின்கால் முட்டி மடங்கக் கூடாது, குதி தரையைவிட்டு எழும்பக் கூடாது. முன்கால் முட்டியை மெதுவாக மடக்கினால் பின்னால் கெண்டைக்காலில் இழுக்கும். 30 எண்ணும் வரை அப்படியே நில். இரண்டு காலுக்கும் மூன்று மூன்று தடவை. இழுக்கலாம், சுளீரென்று வலிக்கக் கூடாது. காலையில் ஒருமுறை, ஷிப்ட் முடிந்து வந்து ஒருமுறை. செய்வாயா?

இன்னொன்று. பயந்துபோய் ஒரே நாளில் தட்டைச் செருப்புக்கு மாறிவிடாதே. குட்டையாகிப்போன தசையைத் திடீரென்று இழுத்தால் அதுவும் கெடுதல். இப்போது மூன்று அங்குலம் போடுகிறாய் என்றால் இரண்டுக்கு வா, கொஞ்ச நாள் கழித்து ஒன்றுக்கு வா. பஸ்ஸிலும் மெட்ரோவிலும் போகும்போது தணிந்த செருப்பு, ஹீல்ஸ் பையில். பெங்களூர் நடைபாதையில் பாதிக் கல் பெயர்ந்து கிடக்கிறது, நானே பார்த்தேன். உயரத்தில் நிற்கும்போது கணுக்கால் பிடிமானம் இல்லாமல் இருக்கும், லேசாகப் பிசகினாலே உள்பக்கம் மடங்கிவிடும். போன வருஷம் மாடிப்படியில் சுளுக்கிக்கொண்டேன் என்று சொன்னது எந்தச் செருப்பில் என்று நான் கேட்கவில்லை.

பழுது பார்க்க வருகிற ஹீல்ஸைப் புரட்டிப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். உள்ளே முன்பகுதியில் மட்டும் விரல் விரலாகக் குழி விழுந்திருக்கும், குதி வைக்கிற இடம் புதுசு மாதிரி இருக்கும். உடம்பின் பாரம் முழுக்கச் சரிந்து முன்பாதத்துக்குப் போய்விடுகிறது என்று அர்த்தம். கூடவே முன்னால் கூர்மையாக இருந்தால் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஆணி விழும். விரலிடுக்கில் நரம்பு நசுங்கி நெருப்பு வைத்த மாதிரி எரியும். பெருவிரல் மூட்டு பக்கவாட்டில் புடைத்துக்கொள்ளும். அந்தப் புடைப்பு நம் வீட்டுக் காலிலேயே உண்டு. செருப்பே போடாமல் வயல் வரப்பில் நடந்த அப்பத்தாவுக்கும் இருக்கிறது, பெரிய அத்தைக்கும் இருக்கிறது. அதனால் உனக்குக் கூடுதல் கவனம் வேண்டும். முன்பக்கம் அகலமாக இருக்கிற செருப்பு போடு. பெருவிரலோ அடுத்த விரலோ, எது நீளமோ அதற்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் விட்டு வாங்கு. சாயங்காலம் போய் வாங்கு, அப்போதுதான் கால் வீங்கி உண்மையான அளவில் இருக்கும். காலையில் வாங்கினால் மத்தியானமே கடிக்கும்.

முழங்காலைப் பற்றியும் சின்னவள் சொன்னாள். 1998-ல் 20 பெண்களை வைத்து அளந்ததில், ஹீல்ஸோடு நடக்கும்போது வெறுங்காலைவிட முழங்காலின் உள்பக்கத்தில் சராசரியாக 23 சதவீதம் கூடுதல் அழுத்தம் விழுந்திருக்கிறது. அப்புறம் அகலமான ஹீலை அளந்தபோதும் முழங்காலுக்குப் பெரிதாக நிம்மதி இல்லையாம். நான் இத்தனை நாளும் பென்சில் ஹீல்ஸ்தான் கெடுதல், பிளாக் ஹீல்ஸ் ஒன்றும் செய்யாது என்று சொல்லித்தான் விற்றுக்கொண்டிருந்தேன். விழாமல் நிற்க அது உதவும். முட்டிக்கு உதவாது. ஹீல்ஸ் போட்டதால்தான் மூட்டு தேய்ந்தது என்று யாரும் அறுதியிட்டு நிரூபித்துவிடவில்லை, அதையும் அவளே சொன்னாள். ஆனால் அம்மா ராத்திரி படியேறும் சத்தத்தைக் கேட்கிறபோது, உன் முட்டிக்குக் கூடுதலாக ஒரு சுமையும் வேண்டாம் என்று தோன்றுகிறது. ஹீல்ஸ் போட்டால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று எதிர்வீட்டு மதினி அம்மாவைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார். அப்படி எதுவும் இல்லை என்று சின்னவள் சொல்லிவிட்டாள். அம்மா போனில் அதை எடுத்தால் நீ கோபப்படாதே.

உங்கள் ஓட்டலில் ஹீல்ஸ் கட்டாயமா? கட்டாயம் என்றால் மேலாளரிடம் வாய்விட்டுச் சொல். லண்டனில் 2015 கடைசியில் ஒரு ரிசப்ஷன் பெண்ணை ஹீல்ஸ் போடவில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் 2016-ல் மனு போட்டு ஒன்றரை லட்சம் பேர் கையெழுத்துப் போட, அடுத்த வருஷம் அந்த நாட்டுப் பாராளுமன்றத்திலேயே பேசினார்கள். பிலிப்பைன்ஸில் 2017-ல் பெண் ஊழியர்களை ஓர் அங்குலத்துக்கு மேல் ஹீல்ஸ் போடக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசாங்கமே உத்தரவு போட்டது. நம் தமிழ்நாட்டில் 2021-ல் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்கவேண்டும் என்று சட்டம் வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகுதான் நம் கடையில் இரண்டு ஸ்டூல் போட்டேன். அதற்கு முன்னால் அந்தப் பிள்ளைகள் காலை பத்து மணியிலிருந்து ராத்திரி ஒன்பது வரை நின்றார்கள். அதுவும் என் கண்முன்னால்தான் நடந்தது.

எட்டு மணி நேரம் நிற்கிற வேலையில் மூன்று வருஷமாக ஒரு நாள் கூடப் பிந்தாமல் போகிறாய். நல்ல ஊழியர் என்று உனக்குக் கொடுத்த சான்றிதழைப் போட்டோ எடுத்து அனுப்பினாயே, அதைப் பிரிண்ட் போட்டுக் கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். அந்தப் படத்திலும் நீ ஹீல்ஸில்தான் நிற்கிறாய்.

சரி, சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன். எழுத வந்தது வேறு.

உனக்கு ஹீல்ஸ் போட்டுவிட்டது நான்தான். உனக்கு 22 வயசு. ஜாதகத்தோடு கொடுக்கப் போட்டோ வேண்டும் என்று தரகர் சொன்னதும், கடையிலிருந்து மூன்று அங்குல ஹீல்ஸ் ஒரு ஜோடி எடுத்து வந்து ஸ்டூடியோவில் உன் முன்னால் வைத்தேன். நீ வேண்டாம் என்றாய். "சேலை மறைச்சுடும்மா, யாருக்குத் தெரியப் போகுது" என்றேன். தாளில் 5 அடி 2 என்று எழுதியதும் என் கைதான். உன் உயரம் 4 அடி 11 என்று எனக்குத் தெரியாதா?

மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க நம் வீட்டுக்கு வந்த அன்று நீ வெறுங்காலோடுதான் தட்டை எடுத்துக்கொண்டு வந்தாய். நம் வீட்டில் வேறு எப்படி வருவாய்? அந்த அம்மா முதலில் உன் முகத்தைப் பார்க்கவில்லை, பாதத்தைப் பார்த்தார். "போட்டோவில் நல்ல உயரமாத் தெரிஞ்சுச்சே" என்றார். நான் அப்போது என்ன சொல்லியிருக்க வேண்டும்? தப்பு என்னுடையது, நான்தான் போடச் சொன்னேன் என்று சொல்லியிருக்க வேண்டும். "வெளியே போனால் எப்பவும் ஹீல்ஸ்தான் போடுவா, அதனால் தெரியாது" என்றேன். உன்னைப் பார்க்கவில்லை. தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அவர்கள் வேண்டாம் என்று சொல்லியனுப்பியதைப் பற்றி எனக்கு இன்றைக்கு வருத்தம் இல்லை. அன்றிலிருந்து நீ ஹீல்ஸ் இல்லாமல் வாசலைத் தாண்டியதில்லை. நான் சொன்ன பொய்யை நீ தினமும் காலில் மாட்டிக்கொண்டு போகிறாய். தெருமுனைக் கடைக்குத் தயிர் வாங்கப் போனாலும் அதைத்தான் போட்டாய். அம்மா ஸ்டைல் என்று திட்டுவாள், நான் வாயே திறக்க மாட்டேன். என்னிடம் நீ கோபப்படவும் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சொல்ல ஒரு வழி கிடைத்திருக்கும்.

தரகர் புதிதாக ஒரு இடம் கொண்டுவந்ததை அம்மா போன மாசம் உன்னிடம் சொன்னாள். அதற்குப் பிறகுதான் நீ சரியாகப் பேசவில்லை. வியாழக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அந்தத் தாளை வாங்கி 5 அடி 2-ஐ அடித்துவிட்டு 4 அடி 11 என்று எழுதினேன். போட்டோவையும் திரும்ப வாங்கி வந்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்தேன், மன்னித்துக்கொள். தாளே அங்கே இருக்க வேண்டாம் என்றாலும் சொல், நாளைக்கே வாங்கி வருகிறேன். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இப்போது ஒரு வேலை செய். வெள்ளைத் தாளைத் தரையில் வைத்து, அதன்மேல் நேராக நின்று, குதியை நன்றாக ஊன்றிக்கொண்டு பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடு. உட்கார்ந்துகொண்டு போட்டால் அளவு குறைந்துவிடும். சாயங்காலம் வேலை முடிந்து வந்து போடு. பென்சிலைச் சாய்க்காதே, செங்குத்தாகப் பிடி. பெருவிரல் மூட்டுக்கு நேரே ஒரு புள்ளி வை. இரண்டு காலையும் வரை, உனக்கு இடது கால் கொஞ்சம் பெரிசு. போட்டோ எடுத்து அனுப்பினால் அளவு மாறிவிடும், தபாலில் அனுப்பு. முன்பக்கம் அகலம் வைத்து, ஓர் அங்குலக் குதியில் ஒரு ஜோடி அடித்து அனுப்புகிறேன்.

அந்தச் சுவர்ப் பயிற்சியை மறந்துவிடாதே. முட்டி மடங்காமல், குதி எழும்பாமல்.

அப்பா