சந்திப்பில் நிற்கும் வண்டிகள்

அன்புத் தோழிக்கு,

கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று நீ எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது. கண்ணைச் சிரமப்படுத்தாதே. இந்தக் கடிதத்தை யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேள்.

பதில் எழுத மூன்று வாரம் தாமதமானதற்கு ஒரே காரணம், எங்கள் பகுதியில் வரவிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு. பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் பழைய கிடங்கு நிலத்தில் கட்ட அனுமதி கேட்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் நகர மன்றத்தில் வாக்கெடுப்பு. சென்ற வாரம் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். குடிநீர், கழிவுநீர்க் கேள்விகளுக்குப் பொறியாளர்கள் சொன்ன பதிலை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். மீதி நேரம் முழுவதும் போக்குவரத்துதான். மாலையில் சிக்னல் மூன்று முறை மாறினால்தான் எங்கள் சந்திப்பைக் கடக்க முடிகிறது. இன்னும் இத்தனை குடும்பங்கள் வந்தால் என்ன ஆகும் என்று ஒருவர் பின் ஒருவராகக் கேட்டார்கள். ஒரு தாய் எழுந்து, “என் பையன் நடந்து பள்ளிக்குப் போகிற சாலை இது, கட்டுமான லாரிகள் வரும்போது அவனுக்கு யார் பொறுப்பு?” என்றார். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் நிற்கிறது.

முதலில் நானும் எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போடலாம் என்றுதான் இருந்தேன். மனத்தை மாற்றியது என் மகள். இங்கே வாடகைக்கு வீடு கிடைக்காமல் அவள் நகரத்தின் வெளி விளிம்புக்குக் குடிபோனது உனக்குத் தெரியும். வேலை இங்கேதான். மாலையில் வீடு திரும்ப அவள் இதே சந்திப்பைத்தான் கடக்கிறாள். கூட்டம் முடிந்த மறுநாள் அங்கே போய் நின்று பார்த்தேன். வரிசையில் ஆறாவதாக அவள் கார் நின்றுகொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் கை நீட்டிக் குறை சொல்லும் அந்த வரிசையில் என் பெண்ணும் இருக்கிறாள். அருகில் வீடு கிடைத்திருந்தால் அவள் நடந்தே போயிருப்பாள்.

கட்டுநர் தரப்புப் போக்குவரத்து ஆய்வறிக்கையை இரண்டு முறை படித்தேன். குடியிருப்பு வந்தால் சந்திப்பில் எத்தனை வண்டி கூடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தக் குடும்பங்களுக்கு இங்கே இடம் கிடைக்காவிட்டால் எங்கே போவார்கள், அங்கிருந்து எந்தச் சாலை வழியாக வேலைக்கு வருவார்கள் என்ற கணக்கு அதில் எங்குமே இல்லை. கட்டாவிட்டால் அந்த மனிதர்களே இல்லாமல் போய்விடுவார்கள் என்பதுபோல இருக்கிறது அறிக்கை.

இந்தக் குறை புதியதில்லை. 1965-இல் அமெரிக்கப் பொறியாளர்கள் சாலைகளுக்கு ஏ முதல் எஃப் வரை தர எழுத்து கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். இப்போதைய கணக்கில், சிக்னல் சந்திப்பில் ஒரு வண்டி சராசரியாக 80 வினாடிக்கு மேல் காத்திருந்தால் எஃப், அதாவது மிக மோசம். இந்த அளவுகோலின்படி, நகரத்தின் நடுவில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கட்டும் வீடுதான் கெட்டது. ஆளில்லாத வெளிப்புறத்தில் கட்டினால் நல்ல எழுத்து கிடைக்கும். அங்கே குடிபோகிறவர் தினமும் எவ்வளவு தூரம் வண்டி ஓட்டுகிறார் என்பதை அது பார்ப்பதில்லை. கலிஃபோர்னியா 2013-இல் சட்டம் போட்டு இதை மாற்றத் தொடங்கியது. 2020 ஜூலை முதல் அங்கே சுற்றுச்சூழல் ஆய்வில் காத்திருக்கும் நேரத்தை விட்டுவிட்டு, ஒரு திட்டத்தால் வண்டிகள் மொத்தம் எத்தனை மைல் ஓடும் என்பதைப் பார்க்கிறார்கள். இதைப் படித்தபோது மகள் காரில் கழிக்கும் மாலைகள்தான் நினைவுக்கு வந்தன.

சாலையை அகலப்படுத்திவிட்டு அனுமதி கொடுங்கள் என்று சிலர் கேட்டார்கள். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கேட்டி நெடுஞ்சாலையை, பக்கச் சாலைகளையும் சேர்த்துச் சில இடங்களில் 26 தடம் வரை விரித்தார்கள். 2008-இல் வேலை முடிந்தது. சில ஆண்டுகளிலேயே நெரிசல் நேரப் பயணம் மறுபடி நீளத் தொடங்கிவிட்டது. இடம் கூடினால், முன்பு அந்த நேரத்தைத் தவிர்த்தவர்களும் பஸ்ஸில் போனவர்களும் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். எங்கள் சாலையை அகலப்படுத்த வேண்டுமானால் நடைபாதையைத்தான் வெட்டுவார்கள். அந்தத் தாயின் பையன் பிறகு எங்கே நடப்பான்?

அதனால் அனுமதி கொடுக்கச் சொல்லித்தான் பேசப்போகிறேன். ஆனால் வெறுங்கையோடு கொடுத்துவிடக் கூடாது. முதல் குடும்பம் சாவி வாங்குவதற்கு முன்பே பஸ் நிறுத்தம் வர வேண்டும். பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் லாரி உள்ளே வரக் கூடாது. பாதசாரிகளுக்கான பச்சை விளக்கு இப்போது முதியவர் பாதிச் சாலையைத் தாண்டுவதற்குள் அணைந்துவிடுகிறது. அந்த நேரத்தைக் கூட்ட வேண்டும். இவை அனுமதி ஆணையிலேயே நிபந்தனையாக எழுதப்பட வேண்டும். வாய்மொழியாக ‘பார்க்கலாம்’ என்று சொல்லிவிட்டுப் போனால், கட்டடம் எழும்பிய பிறகு கேட்க ஆள் இருக்காது.

வண்டி நிறுத்தும் இடம்தான் எனக்கு இன்னும் தெளிவாகாத விஷயம். வீட்டுக்கு இத்தனை இடம் என்ற கட்டாயத்தை அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017-இலேயே எடுத்துவிட்டது. மினியாபொலிஸ் 2021-இல் எடுத்தது. இடம் குறைந்தால் வீட்டுச் செலவு குறையும், காரும் குறையும் என்பது வாதம். பஸ் ஒழுங்காக வராத எங்கள் பகுதியில் அப்படிச் செய்தால், வண்டிகள் பக்கத்துத் தெருக்களில்தான் வந்து நிற்கும் என்று எதிர்வீட்டுப் பெரியவர் சொல்கிறார். அவர் சொல்வதைத் தள்ளிவிட முடியவில்லை.

அவரோடு நாற்பது ஆண்டுப் பழக்கம். நான் ஆதரித்துப் பேசப்போகிறேன் என்று தெரிந்ததிலிருந்து அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அது மனத்தை அறுக்கிறது. நாளை மாலை அவரையும் அழைத்துக்கொண்டு சந்திப்புக்குப் போகலாம் என்றிருக்கிறேன், மகள் வண்டி வருகிற நேரத்துக்கு.

மன்றத்தில் ஒருவருக்கு மூன்று நிமிடம்தான். எழுதி வைத்திருப்பது ஏழு நிமிடத்துக்கு வருகிறது. கல்லூரியில் என் கட்டுரைகளை வெட்டிச் சுருக்கித் தந்தவள் நீதானே? கண் தேறியதும் சொல், அனுப்புகிறேன். தேறாவிட்டால் தொலைபேசியில் படித்துக் காட்டுகிறேன்.

என்றும் உன் அன்புத் தோழி