நோயாளிகளின் இடத்தை இப்போதே கேளுங்கள்: டர்பன் தமிழ்ச் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

டர்பன், சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் வட்டாரத் தமிழ்ச் சபைகளின் பொறுப்பாளர்களுக்கும் கோவில் நிர்வாகக் குழுவினருக்கும் வணக்கம்.

தென்னாப்பிரிக்க அதிபர் ரமபோசா 2024 மே 15 அன்று கையெழுத்திட்ட தேசிய நலக் காப்பீட்டுச் சட்டம், எல்லோருக்குமான மருத்துவச் சேவையை அரசின் ஒரே நிதியத்தின் வழி வாங்கித் தர முனைகிறது. அதைப் பற்றி நம்மவர் பேசுவதெல்லாம் பெரும்பாலும் வரி கூடுமா, மெடிக்கல் எய்ட் எனும் தனியார் மருத்துவக் காப்பீடு நிலைக்குமா என்பதோடு முடிந்துவிடுகிறது. மெடிக்கல் எய்ட் இல்லாமல் ஆர். கே. கான் மருத்துவமனையையும் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனையையும் அக்கம்பக்கத்துக் கிளினிக்குகளையும் நம்பியிருக்கும் முதியவர்களுக்கோ வேறொரு கவலை இருக்கிறது: இச்சட்டத்தால் நிர்வாகம் மாறியபின் தம் குறையை யாரிடம் சொல்வது?

2003ஆம் ஆண்டின் தேசிய நலச் சட்டம் ஒவ்வொரு கிளினிக்குக்கும், அல்லது சில கிளினிக்குகளுக்குச் சேர்த்து, ஒரு குழு இருக்க வேண்டும் என்கிறது. அதில் நகரமன்ற உறுப்பினரும் கிளினிக்கின் தலைவரும் அப்பகுதி மக்களில் ஒருவரேனும் இடம்பெற வேண்டும். ஆனால் அக்குழு என்ன செய்யலாம் என்பதை அச்சட்டம் மாகாணங்களிடம் விட்டுவிட்டது. புதிய சட்டமோ மாவட்ட மருத்துவமனை, கிளினிக்குகள், தனியார் மருத்துவர்கள் ஆகியோரை இணைத்து, மாவட்டத்தின் உட்பிரிவு அளவில் முதல்நிலை மருத்துவச் சேவைக்கான ஒப்பந்த அலகுகளை அமைக்கிறது. சேவை தருவோரை இனங்காணும் அந்த அலகே, சேவை பற்றிய புகார்களையும் தீர்க்குமாம். இந்த ஏற்பாடு எனக்குச் சரியாகப் படவில்லை.

கேட்காமல் செய்த மாற்றத்தின் விலை நமக்குத் தெரியாததன்று. கௌட்டெங் மாகாணத்தில் லைஃப் எசிடிமேனி மனநலக் காப்பகங்களுடனான ஒப்பந்தத்தை முடித்துக்கொண்ட அரசு, 2016இல் நோயாளிகளைத் தொண்டு நிறுவனங்களுக்கு மாற்றியது. அவற்றில் பல, அத்தகையோரைப் பராமரிக்கும் வசதியே இல்லாதவை. குடும்பத்தினர் முன்கூட்டியே எச்சரித்தார்கள், போராடினார்கள், நீதிமன்றம் வரை போனார்கள். மாற்றப்பட்ட நோயாளிகளில் 144 பேர் இறந்தனர். நலத்துறைக் குறைதீர்ப்பாளரின் அறிக்கை 2017இலும், நீதிபதி மொசெனெக்கேயின் இழப்பீட்டுத் தீர்ப்பு 2018இலும் வந்தன. எச்சரித்தவர்களுக்கு முடிவெடுக்கும் மேசையில் இடம் இருந்ததில்லை.

ஆகவே, சபைகள் ஒன்றுகூடி நலத்துறை அமைச்சருக்கும் குவாசுலு-நேட்டால் நலத்துறைக்கும் எழுத வேண்டும் என்று வேண்டுகிறேன். ஒவ்வோர் ஒப்பந்த அலகிலும் கிளினிக் குழுவின் பிரதிநிதிக்கு வாக்குரிமையுள்ள இடம் வேண்டும். புகாரை அலகுக்கு வெளியிலுள்ள ஒருவர் விசாரிக்க வேண்டும். ஒரு சேவையை மூடுவதற்கோ இடம் மாற்றுவதற்கோ முன் அதைப் பயன்படுத்துவோரைக் கேட்டு, அவர்கள் சொன்னதையும் அதற்கான பதிலையும் வெளியிட வேண்டும்.

கிளினிக் குழுக்களுக்கு ஆள் முன்மொழியும்போது, எல்லா விழாக்களிலும் மாலை வாங்கும் பெரியவர்களை விட்டுவிட்டு, மாதந்தோறும் மருந்து வரிசையில் நிற்பவரையே அனுப்புங்கள். அந்த வரிசை நமக்கு மட்டும் உரியதன்று. சுலு பேசும் அண்டை வீட்டாரும் அதில்தான் நிற்கிறார்கள். மனுவைச் சுலுவிலும் ஆங்கிலத்திலும் எழுதி, அவர்களுடைய கையெழுத்தையும் சேர்த்து அனுப்புவதே முறை.

இப்படிக்கு,
சாட்ஸ்வர்த் வாசி ஒருவர்