குளிசைப் புளோரீனும் கிணற்றுப் புளோரைட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு மருத்துவப் பக்கத்தில், புளோரீன் சேர்ந்த மாத்திரைகளெல்லாம் நஞ்சு, மூலிகையே போதும் என்று ஒருவர் எழுதியிருந்தார். மறுநாளே பக்கத்து வீட்டு அக்கா, கொலஸ்டரோலைக் குறைக்கும் அட்டோவஸ்டட்டின் குளிசை அட்டையோடு வந்து, "சேர், இதுலயும் அந்தப் புளோரீன் இருக்காமே?" என்றார். இருக்கிறது என்றேன். அதைக் கேட்டு அட்டையைக் கிளினிக் கொப்பிக்குள் செருகிவிட்டார்; இனித் தொடமாட்டார் போலிருந்தது. அதனால்தான் இக்கடிதம்.

அநுராதபுரப் பக்கத்தில் பல்லைக் காவியாக்குவது கிணற்று நீரில் கரைந்திருக்கும் புளோரைட்டு என்ற புளோரீன் அயன். அட்டோவஸ்டட்டினில் இருப்பது காபனோடு பிணைந்த ஒற்றைப் புளோரீன் அணு. காபன் அமைக்கும் ஒற்றைப் பிணைப்புகளில் இதுவே மிக வலியது. வயிற்று அமிலத்துக்கெல்லாம் அறுந்து கொடுக்காது. புளோரைட்டுக்குப் பயந்தால் நாம் முதலில் விடவேண்டியது தேத்தண்ணியை! தேயிலைச் செடி மண்ணிலிருந்து புளோரைட்டை இழுத்து இலையில் சேர்த்துவைக்கிறது, கொழுந்தைவிட முற்றிய இலையில் அதிகமாக.

மூலிகை வேறு, இரசாயனம் வேறு என்று பிரிப்பதற்கு மலையகம் பொருத்தமான இடமே அல்ல. நுவரெலியாவுக்குப் பக்கத்திலுள்ள ஹக்கல பூங்கா 1861இல் தொடங்கப்பட்டதே சிங்கோனா மரம் வளர்க்கத்தான். கோப்பி நோயில் அழிந்தபின், தேயிலை மலையை மூடுமுன், துரைமார் நம்பி நட்டதும் அதைத்தான். அதன் பட்டையிலிருந்து பிரான்சில் 1820இல் பிரித்தெடுத்த குயினைன் மலேரியாவைத் தணித்தது. ஆனால் கல்லீரல் அதை வேகமாகச் சிதைத்துவிடும். ஏறத்தாழ அரை நாளில் பாதி போய்விடும். அமெரிக்க இராணுவத்தின் வோல்டர் ரீட் ஆய்வு நிறுவனத்தார் 1970களில் குயினைனின் அமைப்பையே மாதிரியாக வைத்துப் புதிய மூலக்கூறுகளைத் தொகுத்தார்கள். கல்லீரல் நொதி கைவைக்கும் இடத்தில் ஐதரசனுக்குப் பதிலாக, மூன்று புளோரீன் தாங்கிய காபன் ஒன்றைப் பொருத்தினார்கள். அப்படி வந்த மெப்லோகுயின் கிழமைக்கணக்கில் இரத்தத்தில் நிற்கும். தடுப்புக்குக் கிழமைக்கு ஒரு குளிசை போதுமானதும் அதனால்தான்.

மெப்லோகுயின் சிலருக்குக் கெட்ட கனவையும் மனக்குழப்பத்தையும் கொடுத்தது உண்மை. பட்டையிலிருந்து வந்த குயினைனும் காதில் இரைச்சலைக் கொடுக்கும். தென்னாபிரிக்காவில் ஒரு செடி தானாகவே புளோரீன் சேர்மமொன்றைத் தயாரிக்கிறது. மேய்ந்த மாடு செத்துப்போகும். அதுவும் முழுக்க முழுக்க இயற்கைதான். எந்த மருந்தையும் அதன் அளவையும் பக்கவிளைவையும் வைத்து எடைபோடலாம், அதிலுள்ள ஒரு மூலகத்தின் பெயரை வைத்து எப்படி?

அட்டோவஸ்டட்டின் சிலருக்குத் தசைநோவு தரும். அப்படியானால் கிளினிக்கில் சொல்லி மாற்றிக்கொள்ள வழியுண்டு. அக்காவுக்கு நோவு ஒன்றுமில்லை, பயம்தான். வைத்தியரிடம் கேட்காமல் யாரும் குளிசையை நிறுத்தவேண்டாம் என்று அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். என் பேச்சைவிட உங்கள் பத்திரிகையைத்தான் அவர் நம்புகிறார்.

உயர்தர இரசாயனவியல் ஆசிரியர்,
ஹட்டன்.